பாலும் பட்டையும்

பதினொரு மணிக்குப் பால் ஸ்டோர் முன்னால் வரிசை நிற்கும். பகாவ் வட்டாரத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில், எண்பதுகளின் தொடக்கத்தில், பள்ளி இல்லாத நாளெல்லாம் அம்மாவின் கைலியைப் பிடித்துக்கொண்டு நானும் அந்த வரிசையில் நின்றிருக்கிறேன். கிராணி வாளியைத் தராசில் மாட்டுவார், எடையை உரக்கச் சொல்வார், புத்தகத்தில் எழுதுவார். அதோடு விடமாட்டார். ஒரு குவளைப் பாலை மொண்டு, அளவாகத் தண்ணீர் சேர்த்துக் கலக்கி, மெட்ரோலாக் என்ற மிதப்பானை அதில் இறக்குவார். ரப்பர் நீரைவிட இலேசானது. அதனால் கெட்டிப்பாலில் மிதப்பான் ஆழ இறங்கும். தண்ணீர்ப் பாலில் மேலேயே நிற்கும். அது எங்கே நிற்கிறது என்று பார்க்க வரிசை முழுக்கக் கழுத்தை நீட்டும்.

எடையை மட்டும் பார்த்துக் கூலி போட்டால் என்ன ஆகும் என்று தோட்டத்துக்குத் தெரியும். வேலைக்காட்டில் ஓடை ஓடுகிறது, வாளியில் இடம் இருக்கிறது. யாரையும் கெட்டவர் என்று சொல்லவேண்டியதில்லை. மாதக் கடைசி, வீட்டில் அரிசி இல்லை, வாளி நிறையவில்லை. கை தானாக ஓடைப் பக்கம் போகும். அதனால்தான் தராசுக்குப் பக்கத்திலேயே மிதப்பானும் இருந்தது.

இருபது வருடத்துக்கு மேலாக வாடிக்கையாளர் சேவையில் இருக்கிறேன். சிரம்பானில் ஒரு விசாரணை முகப்பில் தொடங்கி, பிறகு தொலைபேசி மையம், இப்போது அட்டையில் ‘செயல்முறை மேலாளர்’ என்று போட்டிருக்கிறார்கள். அழைப்பை எடுப்பது என் வேலை இல்லை. அழைப்பு எந்த வழியில் வரவேண்டும், யாரிடம் போகவேண்டும், எங்கே முட்டி நிற்கிறது, எப்போது முடிந்ததாக எண்ணலாம் என்று வழி வகுப்பதும் அதற்கு இலக்கு வைப்பதும்தான் வேலை. இந்தத் தொழிலில் எனக்குத் தெரிந்ததில் பாதி, பால் ஸ்டோர் வரிசையில் கற்றது. அது புரிய எனக்குப் பல வருடம் ஆனது.

நீலாயிலிருந்து சைபர்ஜெயாவுக்கு வேலைக்குப் போன காலத்தில் தினமும் புத்ராஜெயாவை ஒட்டித்தான் போவேன். இன்று அரசாங்க அலுவலகங்கள் நிற்கும் அந்த மண் ஒரு காலத்தில் பிராங் பெசார் தோட்டம். முதல் உலகப் போர் முடிந்து வந்த பிரிட்டிஷ் அதிகாரிகள் 1921-இல் தொடங்கிய தோட்டம். பெயரே மலாயில் ‘பெரும்போர்’ என்றுதான் பொருள்படும். பிபி 86 போன்ற பெயர்பெற்ற ரப்பர் ஒட்டு ரகங்கள் அங்கே பிறந்தவை. ஒவ்வொரு மரத்தின் பாலையும் வருடக்கணக்கில் தனித்தனியாக அளந்து, நல்ல மரத்திலிருந்து மொட்டு எடுத்துப் பெருக்கினார்கள். மரம் மரமாக அளந்த மண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, நாங்கள் விநாடி விநாடியாக மனிதர்களை அளந்துகொண்டிருந்தோம்.

என் பிழையிலிருந்தே தொடங்குகிறேன். மேலாளரான முதல் வருடம். ஒரு அழைப்புக்குச் சராசரியாக ஆறு நிமிடம் ஆகிறது, அதை நான்காக்கவேண்டும் என்று இலக்கு வைத்தேன். நான்கு நிமிடம் தாண்டினால் திரையில் எண் சிவப்பாகும்படி செய்யச் சொன்னதும் நான்தான். மூன்றே மாதத்தில் பலகை முழுக்கப் பச்சை. மேலிடத்தில் பாராட்டு, எங்கள் மாடியில் கேக்.

பிறகு ஒரு மாலை, ஜெலுபு பக்கத்துப் பெரியவர் ஒருவரின் அழைப்புப் பதிவுகளைக் கேட்க நேர்ந்தது. கட்டணச் சீட்டில் அவருக்குச் சம்பந்தமில்லாத ஒரு தொகை ஏறியிருந்தது. ஒரே வாரத்தில் நான்கு முறை அழைத்திருக்கிறார். நான்கும் நான்கு நிமிடத்துக்குள் முடிந்தவை. நான்கிலும் ‘தீர்ந்தது’ என்று குறி. முதல் மூன்றில் பொறுமையாகக் கதையைத் தொடங்கி, பாதியில் ‘பதிஞ்சுட்டேன் ஐயா, கூப்பிடுவாங்க’ என்ற பதிலோடு துண்டிக்கப்பட்டவர், நான்காவதில் இப்படிச் சொன்னார்: “தம்பி, முந்தாநாள் பேசுன தம்பியும் பதிஞ்சுட்டேன்னுதான் சொன்னாரு. எங்கதான் பதியுறீங்க, தண்ணியிலயா?”

காதுக்கருவியைக் கழற்றி மேசையில் வைத்தேன். தண்ணீர்தான். அழைப்பு எடுக்கும் என் பிள்ளைகள் வாளியில் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். ஊற்றச் சொன்னவள் நான். தராசை வைத்தேனே தவிர, மிதப்பானை வைக்கவில்லை.

அன்றிரவு காகிதத்தில் கணக்குப் போட்டேன். நூறு பேர் அழைக்கிறார்கள், ஆறு நிமிடம் பேசி விஷயம் முடிகிறது என்றால் 600 நிமிடம். நான்கு நிமிடத்தில் துரத்திவிட்டு, அதில் அறுபது பேர் திரும்ப அழைத்தால் 400-உம் 240-உம் சேர்ந்து 640. மூன்றாம் முறை அழைப்பவர்களை இன்னும் சேர்க்கவே இல்லை. வேகமாக வேலை பார்த்து அதிக நேரம் செலவழித்திருக்கிறோம். பலகையில் மட்டும் பச்சை.

சார்ல்ஸ் குட்ஹார்ட் என்ற பிரிட்டிஷ் பொருளியலாளர் 1975-இல் பணக் கொள்கையைப் பற்றி எழுதும்போது இதைச் சொன்னார்: எந்த அளவைப் பிடித்து ஆட்டத் தொடங்குகிறோமோ, அந்த அளவு அதோடு நம்பகம் இழக்கும். இன்று நிர்வாகப் பயிற்சிகளில் ‘குட்ஹார்ட் விதி’ என்று திரையில் போடுகிறார்கள். முதன்முதல் அதைப் பார்த்தபோது எனக்கு கிராணியின் குவளைதான் ஞாபகம் வந்தது.

அதனால் என் முதல் விதி: ஒற்றை அளவுக்கு இலக்கு வைக்காதே, இரட்டையாக வை. பேச்சு நேரத்தை அளந்தால் அதோடு திரும்ப அழைத்தவர் எண்ணிக்கையையும் அளக்கவேண்டும். ‘தீர்ந்தது’ என்பதைத் தீர்மானிக்கும் உரிமையைப் பொத்தானை அழுத்துபவரிடமிருந்து வாடிக்கையாளரிடம் மாற்றினோம். அதே விஷயத்துக்கு ஏழு நாள் வரை அவர் மறுபடி அழைக்கவில்லை என்றால்தான் அது தீர்ந்தது. செம்பனையிலும் இதே கதைதான். குலையின் எடைக்கு மட்டும் காசு என்றால் காய்க்குலையும் சேர்ந்து விழும். அதனால்தான் மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் பழத்தைப் பார்த்துக் குலை பழுத்ததா என்று முடிவுசெய்கிறார்கள். ஆலையில் குலையைத் தரம் பிரிக்கிறார்கள்.

இரண்டாவது, சராசரியை நம்பாதே. நூறு புகாரில் தொண்ணூறு ஒரே நாளில் தீர்கிறது, பத்து மட்டும் இருபத்தொரு நாள் இழுக்கிறது என்று வையுங்கள். சராசரி மூன்று நாள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மூன்று நாளில் தீர்ந்த புகார் அந்த நூறில் ஒன்றுகூட இல்லை. அந்தப் பத்துப் பேர்தான் கோயில் திருவிழாவில் நம் நிறுவனத்தின் பெயரைச் சொல்லித் திட்டுவார்கள். தொலைபேசி மையங்களில் பழகிப்போன இலக்கு ஒன்று உண்டு: நூற்றுக்கு எண்பது அழைப்பை இருபது விநாடிக்குள் எடுப்பது. மிச்சம் இருபது பேரைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. இருபத்தோராவது விநாடியில் நிற்பவர் ஏற்கெனவே கணக்கில் தோற்றுவிட்டார். அவரை இன்னும் பத்து நிமிடம் நிறுத்தினாலும் எண் கெடாது. புதிதாக வந்தவரை முதலில் எடுத்தால் எண் ஏறும்கூட. அதனால் எண்பதுக்குப் பக்கத்தில், அன்றைக்கு மிக நீண்ட நேரம் காத்திருந்தவர் எத்தனை நிமிடம் நின்றார் என்ற எண்ணையும் எழுதச் சொல்வேன். கூச்சம் தரும் எண் அது. அதனாலேயே வேலை செய்யும்.

மூன்றாவது, நிரை பார்த்துப் பேசு. தோட்டத்தில் பால் வெட்டும் ஒருவருக்கு 400, 500 மரம் கொண்ட நிரை. ஆனால் எல்லா நிரையும் ஒன்றல்ல. மேட்டு நிரையில் ஏறி இறங்கவே நேரம் போய்விடும். கிழட்டு மரத்தில் உளியை வைத்தாலும் சொட்டுத்தான். ஆண்டின் தொடக்க மாதங்களில் இலை உதிரும்போது தோட்டம் முழுக்கவே பால் குறையும். மேற்பார்வை பார்க்கும் நல்ல தண்டல் பள்ளத்து நிரைக்காரியின் எடையைக் காட்டி மேட்டு நிரைக்காரியைத் திட்டமாட்டார். போன மாதம் இதே நிரை என்ன கொடுத்தது என்றுதான் பார்ப்பார். எங்கள் மையத்தில் மீதித் தொகை கேட்கும் அழைப்பை எடுப்பவரையும், இறந்துபோனவரின் கணக்கை மூட அழைக்கும் பிள்ளையிடம் பேசுபவரையும் ஒரே பட்டியலில் போட்டு வரிசை எண் கொடுத்த காலம் இருந்தது. அதை நிறுத்தவே ஒரு வருடம் சண்டை போட்டேன்.

இதோடு சேர்ந்தது நான்காவது: ஒவ்வொரு நாள் எண்ணுக்கும் ஆடாதே. 1924-இல் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தில் இருந்த வால்டர் ஷூஹார்ட் ஒரு பக்கக் குறிப்பில் வரைந்து காட்டிய படம் இன்றும் எனக்கு உதவுகிறது. நடுவில் ஒரு கோடு, மேலும் கீழும் ஒவ்வொரு எல்லைக்கோடு. எல்லைக்குள் ஏறி இறங்குவது அந்த வேலையின் மூச்சு. எல்லையைத் தாண்டினால்தான் தேடவேண்டிய காரணம் ஒன்று இருக்கிறது. நேற்றைவிட இன்று இரண்டு குறைந்தது என்று கூட்டம் போட்டுக் காரணம் கேட்டால், பிள்ளைகள் காரணம் தயாரிக்கக் கற்றுக்கொள்வார்களே தவிர வேலையைக் கற்கமாட்டார்கள். புது இடத்துக்குப் போனால் முதல் மாதம் நான் இலக்கே வைப்பதில்லை. அளப்பேன். அந்த மூச்சு எப்படி ஏறி இறங்குகிறது என்று தெரியாமல் வைக்கும் இலக்கு, காட்டைப் பார்க்காமல் பங்களாவில் உட்கார்ந்து எழுதியது.

இதுவரை சொன்னது பாலின் கணக்கு. சொல்லவந்தது பட்டையின் கணக்கு.

ரப்பர் மரத்தில் பால் ஓடும் குழல்கள் பட்டைக்குள் இருக்கின்றன. உள்ளே போகப்போக, மரத்தின் உயிர்ப்படலத்தை நெருங்க நெருங்க, குழல்கள் அடர்த்தி. அதனால் ஆழமாக வெட்டினால் இன்றைக்குப் பால் கூடும். ஆனால் உளி அந்தப் படலத்தைத் தொட்டுவிட்டால் காயம். அந்த இடத்தில் புதுப்பட்டை சமமாக வராது, முடிச்சு விழும், அடுத்த சுற்றில் அங்கே வெட்டமுடியாது. ஒரு வெட்டுக்கு ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்குச் சீவி, உள்ளே ஒரு மில்லிமீட்டர் போல விட்டுவிடவேண்டும். இருட்டில், கொசுக்கடியில், கை அளவுதான். தண்டல் நிரைக்குள் வந்தால் மங்குக் கிண்ணத்தில் இருக்கும் பாலை முதலில் பார்ப்பதில்லை, பட்டையைப் பார்ப்பார். இந்தக் காலத்துக்குள் இவ்வளவு பட்டைதான் செலவாகலாம் என்று மரத்திலேயே குறி போட்டிருக்கும். வெட்டு அந்தக் குறியைத் தாண்டிக் கீழே போயிருந்தால், அன்றைக்கு வாளி எவ்வளவு நிறைந்திருந்தாலும் பேச்சு வாங்கவேண்டும்.

குறியைப் போட்டவர்கள் தொழிலாளிகள் இல்லை என்பதைக் கவனியுங்கள். பால் வெட்டுகிறவரின் கணக்கு; பட்டை நிர்வாகத்தின் கணக்கு. நாளைக்கும் மரம் பால் தரவேண்டும் என்று பார்ப்பது மேலே இருப்பவர் வேலை.

செயல்முறை மேலாளர்களுக்கு இலக்கு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அழைப்பு எடுப்பவர்களின் எண்களைக் கூட்டி மேலாளர் பெயரில் எழுதிவிடுகிறார்கள். குழுவின் பேச்சு நேரம், குழுவின் மதிப்பெண், குழுவின் வருகை. அது பால். மேலாளருக்கு வேறு கணக்கு இருக்கவேண்டும். மக்கள் ஏன் அழைக்கிறார்கள், அந்தக் காரணங்களில் எத்தனை இந்த வருடம் இல்லாமல் போயின? ஒருவர் தன் கதையை எத்தனை பேரிடம் மறுபடி சொல்லவேண்டியிருக்கிறது? வேலையில் சேர்ந்த பிள்ளைகள் ஒரு வருடம் கழித்தும் எத்தனை பேர் இருக்கிறார்கள்? இவை எதையும் அழைப்பு எடுக்கும் பையனோ பெண்ணோ மாற்றமுடியாது. மேலாளர் மட்டுமே மாற்றமுடியும்.

இலக்கு எழுத ஐந்து எழுத்துச் சூத்திரம் ஒன்றை எல்லாப் பயிற்சியிலும் சொல்லித்தருவார்கள்: ‘ஸ்மார்ட்’. ஜார்ஜ் டோரன் 1981 நவம்பரில் ஒரு நிர்வாக இதழில் எழுதியது. நடுவில் வரும் ‘ஏ’ எழுத்துக்கு இன்று ‘எட்டக்கூடியது’ என்று பொருள் சொல்கிறார்கள். டோரன் எழுதியது அதுவல்ல. யார் பொறுப்பு என்று ஒருவரைக் குறிக்கமுடியவேண்டும் என்பதுதான் அவருடைய ‘ஏ’. அந்தப் பழைய பொருளையே நான் பிடித்துக்கொண்டிருக்கிறேன். ‘சேவையை மேம்படுத்துவோம்’ என்று எழுதினால் யாரும் பொறுப்பில்லை. ‘கட்டணச் சீட்டு புரியவில்லை என்று வரும் அழைப்பு ஜூன் கடைசிக்குள் பாதியாகவேண்டும், சீட்டின் இரண்டாம் பக்கத்தை மாற்றி எழுதவைப்பது என் பொறுப்பு, ஒவ்வொரு திங்களும் எண்ணிப் பார்ப்பேன்’ என்று எழுதினால் எனக்கு ஒளிய இடமில்லை. பெரியவரின் நான்கு அழைப்புக்குப் பிறகு நான் எழுதிய முதல் இலக்கு அதுதான். சீட்டில் அந்த ஒரு வரியை மாற்றவைக்க ஐந்து துறைகளின் கதவைத் தட்டினேன். அழைப்பு எடுக்கும் பிள்ளை எத்தனை நிமிடம் பேசினாலும் அந்த வரி மாறியிருக்காது.

பட்டைக்கு வரும் நோய் ஒன்று உண்டு. அளவுக்கு மீறி வெட்டிய மரத்தில், மருந்து தடவிப் பாலை இழுத்த மரத்தில், திடீரென்று பால் நின்றுபோகும். இலை பச்சையாகவே இருக்கும். உளி வைத்தால் வறண்ட கோடு. எங்கள் மையத்தில் அப்படி நின்றுபோனவர்களை நான் பார்த்திருக்கிறேன். நேரத்துக்கு வருவார்கள், எண் சரியாக இருக்கும், குரலில் மட்டும் ஒன்றும் இருக்காது. அவர்கள் வேலையை விட்டுப் போகும்போது நிர்வாகம் ஆச்சரியப்படும். பட்டையைப் பார்த்தவருக்கு ஆச்சரியம் இருக்காது.

எல்லா அளவும் மேலே இருந்து வந்ததில்லை என்பதையும் சொல்லவேண்டும். நாங்கள் இருந்த லயத்து வீட்டில் கூரை ஒழுகியது. அம்மா ஆபீசில் போய்ச் சொன்னாள். புகார்ப் புத்தகத்தில் தேதி போட்டு எழுதிக்கொண்டார்கள். இரண்டு மழைக்காலம் போனது. ஒருமுறை அம்மாவோடு போய் அந்தப் புத்தகத்தை எட்டிப் பார்த்தேன். புகார் வந்த தேதிக்குக் கட்டம் இருந்தது. வேலை முடிந்த தேதிக்குக் கட்டமே இல்லை. 1993-இல் அரசாங்கச் சுற்றறிக்கை வந்து, அலுவலகங்களில் எல்லாம் ‘பியாகம் பெலாங்கான்’ என்ற வாடிக்கையாளர் சாசனத்தைச் சுவரில் மாட்டத் தொடங்கினார்கள்: இந்த வேலை இத்தனை நிமிடத்தில், அந்த வேலை இத்தனை நாளில் என்று. முகப்பில் வேலைக்குச் சேர்ந்தபோது அந்தச் சட்டகத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தது நினைவிருக்கிறது. வாக்குக் கொடுத்த நாளை எதிரே நிற்பவரும் படிக்கும்படி மாட்டிவைப்பது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது. இன்றும் எந்தப் படிவத்தை வடிவமைத்தாலும் முதலில் இரண்டு கட்டம் போடுவேன்: வந்த நாள், முடிந்த நாள்.

அம்மாவுக்குத் தன் கட்டம் இருந்தது. இரண்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். அடுப்படிச் சுவரில் கரியால் தினமும் கோடு போடுவாள். நெட்டைக் கோடு ஒரு கணக்கு, குட்டைக் கோடு ஒரு கணக்கு, மழையில் வெட்டு இல்லாத நாளுக்கு ஒரு சுழி. ஒரு மாதம் சம்பளச் சீட்டில் இரண்டு நாள் குறைந்தது. அந்தக் கோடுகளை அப்படியே ஒரு பழைய காகிதத்தில் இழுத்துக்கொண்டு போய் மேசைமேல் வைத்தாள். கிராணி சிரித்தார். பிறகு புத்தகத்தைப் புரட்டினார். அந்த இரண்டு நாள் எடையும் கீழ் வரியில் வேறொரு பெயருக்கு ஏறியிருந்தது. திருத்திக் கொடுத்தார். அதற்குப் பிறகு எடை சொல்லும்போது அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சொல்வார்.

அதனால்தான் எங்கள் மையத்தில் எந்த எண்ணும் பலகைக்கு வருமுன் அந்தப் பிள்ளையின் திரைக்கு வருகிறது. ஒரு நாள் அவகாசம். “அக்கா, இது என் அழைப்பு இல்ல, மாத்தி விழுந்திருக்கு” என்று சொல்ல உரிமை உண்டு. வாரா வாரம் யாராவது சொல்வார்கள். பாதி நேரம் அவர்கள் சொல்வதே சரியாக இருக்கும். மிச்ச நேரம் ஏன் அப்படி ஆனது என்று உட்கார்ந்து பேச ஒரு காரணம் கிடைக்கும். எண்ணின் வேலை அந்தப் பேச்சைத் தொடங்கி வைப்பது. பேச்சு இல்லாமல் எண் மட்டும் போனால் அது சம்பளச் சீட்டு போலத்தான்.

போன வருடம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்குப் போனேன். லயங்கள் இல்லை. பால் ஸ்டோர் இல்லை. கண்ணுக்கு எட்டிய வரைக்கும் செம்பனை. கோயில் வேலியோரம் மட்டும் சாய்க்காமல் விட்ட ரப்பர் மரங்கள் நாலைந்து, பெருத்துப்போய் நின்றன. அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு மரத்தடிக்குப் போனாள். பட்டையில் கைவைத்து, கட்டைவிரலால் மேலிருந்து கீழே மெல்லத் தடவினாள். வழவழவென்று புதுப்பட்டை. இடுப்பளவு உயரத்தில் விரல் நின்றது. அங்கே ஒரு முடிச்சு.

“யாரும்மா இப்படிக் காயம் போட்டது?” என்றேன், தண்டல் குரலில், விளையாட்டாக.

அம்மா முடிச்சைவிட்டு விரலை எடுக்கவில்லை.

“நாந்தான். அன்னிக்கு உனக்குக் காய்ச்சல்.”